டெல்லியில் கிடைக்கும் வெள்ளித் தாமரை: ‘சிறந்த தமிழ்ப் படம்’ எப்படித் தேர்வாகிறது?

2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி மாலை. 71ஆவது தேசியத் திரைப்பட விருதுகளை அறிவித்துக்கொண்டிருந்தார்கள். டெல்லி மயூர் விஹாரில் எங்கள் வீட்டு டிவியில் பட்டியல் முழுதாக வாசித்து முடிப்பதற்குள் போனில் செய்திகள் வரத் தொடங்கிவிட்டன. சிறந்த தமிழ்ப் படம் ‘பார்க்கிங்’. அதே படத்துக்குத் திரைக்கதை விருதிலும் பங்கு. எம்.எஸ். பாஸ்கருக்குத் துணை நடிகர் விருது. ‘வாத்தி’ பாடல்களுக்காக ஜி.வி. பிரகாஷ் குமாருக்கு இசை விருது. “நமக்கு நாலு” என்று ஒரு நண்பர் எண்ணி அனுப்பினார்.

மறுநாள் காலை பால் வாங்கப் போன இடத்தில் மேல்மாடி மாமாவைப் பார்த்தேன். மத்திய அரசில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “ஏம்ப்பா, சிறந்த படம்னு ஒண்ணு சொல்றான், சிறந்த தமிழ்ப் படம்னு இன்னொண்ணு சொல்றான். ரெண்டும் வேற வேறயா? இங்கே உக்காந்து தமிழ்ப் படத்தைத் தேர்ந்தெடுக்கிறவங்களுக்குத் தமிழ் தெரியுமா?” என்று கேட்டார். இரண்டும் நல்ல கேள்விகள். பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்த கையோடு, இந்திய சினிமாவின் நிலையை ஆராய எஸ்.கே. பாட்டீல் தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அது 1951இல் அறிக்கை கொடுத்தது. நல்ல படங்களை அரசு அடையாளம் காட்ட வேண்டும் என்கிற எண்ணம் அந்தக் காலத்தில் உருவானது. 1953ஆம் ஆண்டுப் படங்களுக்கான முதல் விருதுகள் 1954இல் வழங்கப்பட்டன. அப்போது அவற்றுக்கு ‘ஸ்டேட் அவார்ட்ஸ்’ என்று பெயர். முதல் தங்கப் பதக்கம் மராத்திப் படமான ‘ஷ்யாம்ச்சி ஆயி’க்குப் போனது. அடுத்த சுற்றில், அதாவது 1954ஆம் ஆண்டுப் படங்களுக்கு, மொழிவாரியாகக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் வந்தது. தமிழில் அதை முதலில் வாங்கியது எம்.ஜி.ஆர். நடித்த ‘மலைக்கள்ளன்’. அந்த ஆண்டு ‘அந்த நாள்’ படத்துக்கும் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. ஒன்று கோவை பட்சிராஜா ஸ்டூடியோ எடுத்த மக்கள் படம். இன்னொன்று பாட்டே இல்லாத பரிசோதனை. முதல் வருஷத்திலேயே இந்த இரண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் பிடித்த தகவல்.

ஆக, மாமாவின் முதல் கேள்விக்குப் பதில்: ஆமாம், இரண்டும் வேறு. நாடு முழுவதற்குமான சிறந்த படத்துக்குத் தங்கத் தாமரை, அதாவது ஸ்வர்ண கமல். ஒவ்வொரு மொழியிலும் சிறந்த படத்துக்கு வெள்ளித் தாமரை, ரஜத் கமல். தயாரிப்பாளருக்கும் இயக்குநருக்கும் தனித்தனியாகக் கொடுப்பார்கள். 70ஆவது விருதுகளிலிருந்து வெள்ளித் தாமரையோடு வரும் தொகை 2 லட்சம் ரூபாய், தங்கத் தாமரைக்கு 3 லட்சம்.

இதில் டெல்லித் தமிழர்கள் பலர் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் உண்டு. இந்தியும் இதே வரிசையில்தான் நிற்கிறது. ‘சிறந்த இந்திப் படம்’ என்று தனியாக ஒரு வெள்ளித் தாமரை உண்டு. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளுக்கு மொழிக்கு ஒன்று, அட்டவணையில் இல்லாத மொழிகளுக்கும் இடம் என்பதுதான் ஏற்பாடு. துளுப் படம் எடுத்தவரும் மேகாலயாவின் காசி மொழியில் படம் எடுத்தவரும் ஒரே மேடையில் ஏறலாம். தலைநகரில் அலுவலகத்திலும் பஸ்ஸிலும் வங்கியிலும் ‘மதராஸி’ என்ற ஒரே சொல்லில் நான்கு மொழிக்காரர்களையும் அடைத்துப் பேசுவதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, தமிழையும் இந்தியையும் ஒரே தட்டில் வைத்து வாசிக்கும் அந்தப் பட்டியல் பெரிய ஆறுதலாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

அந்தப் பட்டியல் எங்கள் வீட்டுக்குள் வந்தது தொலைக்காட்சி வழியாகத்தான். எண்பதுகளில் நாங்கள் ஆர்.கே. புரம் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு ஒரு மாநில மொழிப் படம் போடுவார்கள். பெரும்பாலும் விருது வாங்கிய படங்கள், கீழே ஆங்கில சப்டைட்டிலோடு. மொழிகளை ஆங்கில அகர வரிசையில் சுற்றி வருவார்கள். அஸ்ஸாமியில் தொடங்கினால், தமிழ் வர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தெலுங்கும் உருதும்தான் நமக்குப் பின்னால். தமிழ்ப் படம் வரும் ஞாயிறு எங்கள் வீட்டில் சமையல் பத்து மணிக்கே முடிந்துவிடும். கூடத்தில் பாய் விரித்துவிடுவோம். எதிர்வீட்டு வங்காளிக் குடும்பம், கீழ்வீட்டு மலையாளிகள், ஒரு பஞ்சாபி ஆன்ட்டி எல்லோரும் வந்து உட்கார்வார்கள். நாங்கள் சிரித்த பிறகு அரை நொடி கழித்து, சப்டைட்டிலைப் படித்துவிட்டு அவர்கள் சிரிப்பார்கள். சில இடங்களில் சிரிக்கவே மாட்டார்கள். மொழிபெயர்ப்பில் நகைச்சுவை விழுந்துபோயிருக்கும். அப்பா உடனே இந்தியில் விளக்குவார். மற்ற வாரங்களில் வங்காளிப் படத்துக்கும் மலையாளப் படத்துக்கும் அவர்கள் எங்களுக்கு விளக்குவார்கள்.

தேசிய விருதுக்கான ஜூரி வேலை செய்யும் விதமும் கிட்டத்தட்ட எங்கள் கூடம்தான். இப்போது மாமாவின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

2010 வாக்கிலிருந்து நடுவர் முறை இரண்டு அடுக்கு. முதல் அடுக்கில் ஐந்து மண்டலக் குழுக்கள்: வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு ஒன்று, தெற்கு இரண்டு. தெற்கு ஒன்றில் தமிழும் மலையாளமும். தெற்கு இரண்டில் தெலுங்கு, கன்னடம், துளு. மண்டலக் குழுவில் அந்த மொழிகள் தெரிந்தவர்களும் இருப்பார்கள், வெளி மண்டலத்திலிருந்து வருபவர்களும் இருப்பார்கள். வந்து குவிந்த படங்களையெல்லாம் பார்த்துச் சலித்து, எவை அடுத்த அடுக்குக்குப் போகலாம் என்று பரிந்துரைப்பது அவர்கள் வேலை. இரண்டாவது அடுக்கு மத்தியக் குழு. மண்டலக் குழுக்களின் தலைவர்களும் அதில் உட்காருவார்கள். இறுதி முடிவு அங்கே. கீழடுக்கில் விழுந்துபோன படத்தை மேலடுக்கு விரும்பினால் திரும்ப வரவழைத்துப் பார்க்கவும் வழி உண்டு.

ஆகவே தமிழ் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கடைசி அறையில் அவர்கள் சிறுபான்மை. அங்கே தமிழ்ப் படத்துக்காகப் பேசுவது முதலில் சப்டைட்டில்தான்.

இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். விருது கிடைக்காத ஒவ்வொரு வருஷமும் வடக்கு தெற்கு என்று பேசுகிறோமே தவிர, சப்டைட்டிலைப் பற்றி யாருமே பேசுவதில்லை. ஒரு தமிழ்ப் படத்தில் ஒரு பெரியவர் இன்னொருவரை ‘ஏலே’ என்கிறார். அடுத்த காட்சியில் அதே ஆளை ‘தம்பி’ என்கிறார். மூன்றாவது காட்சியில் ‘வாங்க, போங்க’ என்று மரியாதைக்கு மாறிவிடுகிறார். தமிழ்க் காதுக்கு அந்த மூன்று விளியிலேயே ஓர் உறவு உடைவது தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ‘யூ’ தான். திருநெல்வேலித் தமிழும் கோயம்புத்தூர்த் தமிழும் மெட்ராஸ் பாஷையும் அங்கே ஒரே வெள்ளை எழுத்தாகிவிடும். யாருடைய பேச்சு எந்த ஊர், எந்தத் தெரு, எந்தச் சாதி என்று நமக்கு ஒரு நொடியில் புரிவது, டெல்லியில் அந்த அறையில் இருக்கும் ஒரு அஸ்ஸாமி எடிட்டருக்கோ குஜராத்தி ஒளிப்பதிவாளருக்கோ புரிய வழியே இல்லை. அவர்கள் மேல் தப்பில்லை. அவர்களுடைய படம் நம் வீட்டு டிவியில் ஓடினாலும் இதே கதைதான். அவசரத்தில், கடைசி வாரத்தில், குறைந்த காசில் செய்த சப்டைட்டிலோடு ஒரு படத்தை டெல்லிக்கு அனுப்புவது, வக்கீல் இல்லாமல் கோர்ட்டுக்கு ஆளை அனுப்புவது மாதிரி. தமிழ்த் தயாரிப்பாளர்கள் இதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

பேச்சை விடக் காட்சி அதிகம் பேசும் படங்களும், நடிப்பு முகத்திலும் உடம்பிலும் இருக்கும் படங்களும் அந்த அறையில் கொஞ்சம் சுலபமாகக் கரை சேர்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, யார் போட்டியிடலாம்? இங்கேதான் இந்த விருதின் மிக அழகான விதி ஒளிந்திருக்கிறது. படம் தியேட்டரில் ஓடியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31க்குள் சென்சார் சான்றிதழ் வாங்கியிருந்தால் போதும். டப்பிங் படங்களுக்கு இடமில்லை.

இந்த ஒரு விதி தமிழ் சினிமாவுக்குச் செய்திருக்கும் நன்மை பெரிது. செழியனின் ‘டு லெட்’ 2018 ஏப்ரலில் சிறந்த தமிழ்ப் படமாக அறிவிக்கப்பட்டது. தியேட்டருக்கு வந்தது 2019 பிப்ரவரியில். பிரியா கிருஷ்ணசாமியின் ‘பாரம்’ 2019 ஆகஸ்டில் விருது பெற்று 2020 பிப்ரவரியில் வெளியானது. பிரம்மாவின் ‘குற்றம் கடிதல்’ 2015 மார்ச்சில் விருது பெற்றது, செப்டம்பரில் மக்கள் பார்த்தார்கள். பெரிய நட்சத்திரம் இல்லாத, விநியோகஸ்தர் கிடைக்காத படத்துக்கு ‘தேசிய விருது பெற்ற படம்’ என்ற ஒரு வரி போஸ்டரில் ஏறினால் கதவு கொஞ்சம் திறக்கும். தனியார் விருது விழாக்களில் இது நடப்பது அபூர்வம். அங்கே வெளியாகிப் பேசப்பட்ட படங்கள்தான் மேடைக்கு வரும். நட்சத்திரம் வருவாரா, நடனம் உண்டா, ஒளிபரப்பு உரிமை யாருக்கு என்பதும் அந்த விழாக்களுக்கு முக்கியம். அதில் தவறில்லை, அது வேறு தொழில். யாருக்கும் தெரியாத படத்தைத் தேடிப் போய்க் கையைப் பிடித்துத் தூக்கிவிடும் வேலையை இந்த வெள்ளித் தாமரைதான் செய்கிறது.

தியேட்டருக்கு வராமல் நேராக ஓடிடிக்குப் போன படமும் சென்சார் சான்றிதழ் வைத்திருந்தால் தகுதி பெறும். 68ஆவது விருதுகளில் தங்கத் தாமரை வாங்கிய ‘சூரரைப் போற்று’ அப்படி வந்ததுதான். அதே ஆண்டின் சிறந்த தமிழ்ப் படமான ‘சிவரஞ்சனியும் இன்னும் சில பெண்களும்’ படத்தையும் மக்கள் முதலில் ஓடிடியில்தான் பார்த்தார்கள்.

தங்கத் தாமரை என்றதும் டெல்லித் தமிழர்கள் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட வேண்டிய ஒன்று உண்டு. தமிழ்ப் படத்துக்கு அது முதன்முதலில் கிடைத்தது 1990ஆம் ஆண்டின் ‘மறுபக்கம்’ படத்துக்கு. இயக்கியவர் கே.எஸ். சேதுமாதவன். தயாரித்தது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம். கதை, இந்திரா பார்த்தசாரதியின் ‘உச்சி வெயில்’. அவர் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் தமிழ் சொல்லிக் கொடுத்தவர், தலைநகர்த் தமிழரின் வாழ்க்கையை நாவல்களில் கொண்டு வந்தவர். முதல் தங்கத் தாமரைக்குள் இந்த ஊரின் ஒரு தமிழ்ப் பேராசிரியர் இருக்கிறார். அதன் பிறகு 2007ஆம் ஆண்டின் ‘காஞ்சிவரம்’, அப்புறம் ‘சூரரைப் போற்று’.

மேல்மாடி மாமா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கடைசியில் எப்போதும் வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. “எல்லாம் சரிப்பா, சிவாஜிக்கு ஏன் குடுக்கல?”

நடிகர், நடிகைக்கான தேசிய விருதே முதலில் இல்லை. 1967ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் அதைத் தொடங்கினார்கள். முதலில் வாங்கியவர்கள் உத்தம் குமாரும் நர்கிஸும். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1959, ‘பாசமலர்’ 1961, ‘திருவிளையாடல்’ 1965. சிவாஜியின் உச்சத்தில் பெரும்பகுதி அந்த விருது பிறப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. கட்டபொம்மனுக்காகக் கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க ஆசியத் திரைப்பட விழா 1960இல் அவரைச் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுத்தது. அந்த நேரத்தில் டெல்லியில் கொடுப்பதற்கு அப்படி ஒரு விருதே கிடையாது. 1968இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ சிறந்த தமிழ்ப் படமானது, ஆனால் நடிகர் விருது அவருக்கு வரவில்லை. அந்த வருத்தம் எனக்கும் உண்டு. 1996ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்குக் கிடைத்தபோது எங்கள் குடியிருப்பில் மைசூர்பாகு கொடுத்தார்கள். மாமா இன்னும் சமாதானமாகவில்லை. பால்கே வாழ்நாள் சாதனைக்கு, சிறந்த நடிகர் விருது எங்கே என்கிறார். நியாயம்தான்.

இனி விழா. ஆண்டுதோறும் மே 3ஆம் தேதி விருது வழங்குவது ஒரு வழக்கமாக இருந்தது. 1913இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ வெளியான நாள் அது. இடம் விக்யான் பவன், இந்தியா கேட்டுக்குப் பக்கம். அழைப்பிதழ் இல்லாமல் உள்ளே போக முடியாது. செய்தி ஒலிபரப்பு அமைச்சகம் இருந்த சாஸ்திரி பவனில் யாரையாவது தெரியுமா என்று டெல்லித் தமிழர்கள் விசாரிக்கும் பருவம் அது. முந்தைய நாள் ஒத்திகை நடக்கும். யார் எங்கே நிற்பது, எந்தப் பக்கம் இறங்குவது எல்லாம் சொல்லிக் கொடுப்பார்கள். பாட்டு, நடனம் எதுவும் கிடையாது. பெயர், படம், ஏன் இந்த விருது என்று இரண்டு வரி, பதக்கம், கைதட்டல். அவ்வளவுதான். அந்த எளிமையே அதன் கம்பீரம் என்று எனக்குத் தோன்றும்.

2018இல் அந்த எளிமை கலைந்தது. குடியரசுத் தலைவர் 11 விருதுகளை மட்டும் வழங்குவார், மற்றவற்றை அமைச்சர் வழங்குவார் என்று ஒத்திகையின்போதுதான் தெரிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் விழாவுக்குப் போகவில்லை. பிரபலமானவர்களின் பிடிவாதம் என்று சிலர் அப்போது பேசினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பெரிய நடிகருக்கு இது பத்தாவது மேடையாக இருக்கலாம். முதல் படத்தில் ஒலிப்பதிவு செய்த பையனுக்கு, அம்மா அப்பாவை விமானத்தில் கூட்டிக்கொண்டு வந்தவனுக்கு, இதுதான் வாழ்க்கையின் ஒரே மேடையாக இருக்கலாம். குடியரசுத் தலைவர் கையால் வாங்கும் அந்தப் போட்டோ ஊரில் வீட்டுக் கூடத்தில் மாட்டுவதற்காக. எந்த விருதும் மற்றதைவிடச் சின்னது இல்லை என்பதுதான் ஆரம்பத்திலிருந்தே இந்த விழாவின் நம்பிக்கை. அதைத்தான் அவர்கள் கேட்டார்கள். அடுத்த இரண்டு விழாக்களில் குடியரசுத் துணைத் தலைவர் விருதுகளை வழங்கினார். 2022 செப்டம்பர் 30 முதல் மறுபடி குடியரசுத் தலைவர் வழங்குகிறார்.

கொரோனாவுக்குப் பிறகு தேதிகள் தள்ளிப்போய்விட்டன. 2023ஆம் ஆண்டுப் படங்களுக்கு 2025இல் விருது. இது சரியாக வேண்டும்.

தொலைக்காட்சி? தேசியத் திரைப்பட விருதுகளில் சீரியலுக்கோ வெப் சீரிஸுக்கோ பிரிவு கிடையாது. கோவாவில் நடக்கும் சர்வதேசத் திரைப்பட விழாவில் 2023 முதல் சிறந்த வெப் சீரிஸுக்கு ஒரு விருது கொடுக்கிறார்கள். தமிழ்நாடு அரசு சின்னத்திரைக்கும் விருது கொடுக்கும் வழக்கம் வைத்திருப்பது நல்ல விஷயம். ஆனால் 2009 முதல் 2013 வரையிலான சின்னத்திரை விருதுகள் 2017இல் அறிவிக்கப்பட்டு 2022இல்தான் கைக்கு வந்தன. தினம் தினம் கோடிக்கணக்கானவர்கள் பார்க்கும் ஒரு கலைக்கு இவ்வளவு காத்திருப்பு கூடாது.

என் உண்மையான ஏக்கம் வேறு. அந்த ஞாயிறு மதியம் ஒன்றரை மணி போய்விட்டது. பிறகு சில வருடங்கள் விருது பெற்ற படங்களை சிரி ஃபோர்ட் அரங்கில் இலவசமாகத் திரையிட்டார்கள். கூட்டமாகப் போவோம். இப்போது பட்டியல் வருகிறது, நாமும் எண்ணுகிறோம், ஆனால் பக்கத்து வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பார்ப்பதில்லை. விருது வாங்கிய எல்லா மொழிப் படங்களையும், கவனமாகச் செய்த சப்டைட்டிலோடு, வாரம் ஒன்றாக தூர்தர்ஷன் மறுபடி போடலாம். டெல்லித் தமிழ்ச் சங்கம் தமிழ்ப் படத்தைப் போட்டு வேற்று மொழிக்காரர்களை அழைக்கலாம்.

போன குளிர்காலத்தில் நாங்களே சின்னதாக ஒன்று செய்தோம். குடியிருப்பின் சமூகக் கூடத்தில் ‘கடைசி விவசாயி’யைப் போட்டோம். 69ஆவது விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம். இருபது பேர் வந்திருந்தார்கள், பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. ஹரியானா கிராமத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய ஒரு தாத்தா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆங்கிலமும் படிக்க வராது. பேரன் காதில் இந்தியில் சொல்லிக்கொண்டே இருந்தான். மயில்களைக் கொன்றதாகக் கிழவர் மேல் கேஸ் போடும் இடம் வந்தபோது, பேரன் சொல்வதற்கு முன்பே தாத்தா தலையில் கை வைத்துக்கொண்டார். படம் முடிந்ததும் என்னிடம் வந்து, அந்தக் கிழவர் நடிகரா, நிஜ விவசாயியா என்று கேட்டார். நிஜ விவசாயிதான், நல்லாண்டி என்று பெயர், படம் வெளியாகும் முன்பே காலமாகிவிட்டார், அதற்குப் பிறகு ஜூரி அவருக்குச் சிறப்புக் குறிப்பு கொடுத்தது என்றேன். தாத்தா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவருடைய கையைத் திரையில் பார்த்ததுமே தனக்குத் தெரிந்துவிட்டது என்று சொல்லி, தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.